நோய்ப் பதிவேடுகளும் கிராம மரணப் பதிவும்

முசிறி வட்டத்தில் காவிரிக் கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு பெண்மணிக்கு, ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய் காண்கிறதென்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் முசிறி அரசு மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே சீட்டில் ‘மாரியம்மாள், வயது 48’ என்று எழுதுகிறார்கள். பிறகு திருச்சிராப்பள்ளியிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். கணவர் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து ‘ப. மாரியம்மாள், வயது 50’ என்று அங்கே பதிவாகிறது. திசுவைச் சோதித்த ஆய்வுக்கூடத்தில், உடன் சென்ற மைத்துனர் வீட்டில் அழைக்கும் பெயரையே சொல்லிவிட்டதால், ‘மாரியாயி’ என்று இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் அவரை அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே கொடுத்த முகவரி மகனுடைய முகவரி. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த அம்மையார், ஆற்றுக்கு அக்கரையில் குளித்தலையில் வாழ்க்கைப்பட்ட மகளின் வீட்டில் காலமாகிறார். குளித்தலை கரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மரணம் அங்கேயே பதிவாகிறது.

ஏடுகளை மட்டும் பார்ப்பவருக்கு இவர் ஒருவரல்லர். நான்கு நோயாளிகள் இருப்பதாகவும், மரணப் பதிவில் வரும் பெண் நோயோடு தொடர்பில்லாத ஐந்தாவது ஆளென்றும் தோன்றும். அப்போது நோய் உள்ளதைவிட மிகுதியாகக் கணக்கில் ஏறுகிறது. மரணமோ நோய்க் கணக்கில் சேராமலே போகிறது. இறந்தவர் இன்னும் உயிரோடிருப்பதாக ஏடு சொல்லும். கொடுத்த சிகிச்சை நன்றாகப் பலித்தது என்று புள்ளிவிவரம் பேசும்.

இத்தகைய ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இவ்வளவு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று கண்டறியும் வேலைக்குப் பதிவுகளைப் பொருத்துதல் என்று பெயர். இது கணிப்பொறி வல்லுநர்களின் வேலை, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஊராட்சி அன்பர்கள் எண்ணக்கூடும். ஆனால் இவ்வேலையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் கிராமத்தில் எழுதப்படும் ஒரு பெயரையும் ஒரு வயதையும் ஒரு குக்கிராமத்தின் பெயரையும் பொறுத்தே அமைகின்றன.

நோய்ப் பதிவேடு என்பது யாது?

மருத்துவமனையில் உள்ள ஏடு அங்கு வந்தவர்களை மட்டுமே காட்டும். வராதவர்களைக் காட்டாது. மக்கள்தொகை சார்ந்த நோய்ப் பதிவேடு என்பது வேறு. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் குடியிருக்கும் மக்கள் அனைவருள்ளும் யாருக்கு நோய் வந்தது, எப்போது வந்தது, பின்னர் அவர் என்ன ஆனார் என்பதை, அவர் எங்கே சிகிச்சை பெற்றிருந்தாலும் தேடிச் சேர்ப்பது இது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் தோன்றிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தின் கீழ், சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் நடந்து வருகிறது. 2012இல் மாநிலம் முழுமைக்குமான பதிவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே முசிறியில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால், அதுவும் இன்று ஓர் ஏட்டில் இடம்பெற வேண்டிய செய்தியே.

இந்த ஏட்டுக்குத் தகவல்கள் தாமாக வந்து சேர்வதில்லை. பதிவேட்டின் ஊழியர்கள் மருத்துவமனைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மரணப் பதிவு அலுவலகங்களுக்கும் நேரில் சென்று, கட்டுக்கட்டாகக் குவிந்து கிடக்கும் தாள்களிலிருந்து பெயர் பெயராக எடுத்துவருகிறார்கள். பின்னர் அவற்றில் இரட்டிப்பானவற்றை நீக்குகிறார்கள். பயிர் ஆய்வுக் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இதன் சிரமம் புரியும்.

திண்டுக்கல்லில் நடந்தது

இந்த உழைப்பால் விளைந்த பயனை நமக்கு அண்டையிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்தில் காணலாம். ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையில், 1990களின் நடுவிலேயே, கிராம மக்களுக்கென ஒரு புற்றுநோய்ப் பதிவேடு தோன்றியது. அப்பகுதிப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருந்தது அதனால் தெளிவாயிற்று. இந்நோயை முற்றுமுன் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அதே புளிப்புப் பொருளை, கருப்பைவாயில் தடவிச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் பழுதுபட்ட இடம் வெளுத்துத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையச் செய்து அழிக்கும் சிகிச்சையையும் உடனே அளிக்கலாம்.

வழி எளியதுதான். ஆயினும் அதனால் உயிர்கள் உண்மையில் காக்கப்படுகின்றனவா? இதை அறிய, ஊராட்சிகளைக் கொண்டு வகுக்கப்பட்ட 114 தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு 2000 முதல் 2003 வரை ஒருமுறை இச்சோதனை அளிக்கப்பட்டது; தகுதியுள்ள 49,311 பெண்களுள் 31,343 பேர் சோதனைக்கு வந்தனர். மற்ற 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதியே தொடர்ந்தது. இவ்வொப்பீட்டுக் குழுவில் 30,958 பெண்கள் இருந்தனர். பிறகு 2006 வரை, இரு பகுதிகளிலும் எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை பேர் அந்நோயால் இறந்தனர் என்று கணக்கிட்டனர்.

இந்த இடத்திலேதான் பதிவுகளைப் பொருத்தும் வேலை வருகிறது. வீடுவீடாகச் சென்று எழுதிய பெண்களின் பட்டியல் ஒருபுறம். புற்றுநோய்ப் பதிவேடும் மரணங்களின் பதிவும் மறுபுறம். பட்டியலிலுள்ள பெண்தான் பதிவேட்டிலுள்ள பெண் என்று ஒவ்வொருவரையும் பொருத்திக் கண்டாக வேண்டும்.

முடிவு 2007இல் வெளியாயிற்று. சோதனை நடந்த ஊர்களில் 2,74,430 ஆள்-ஆண்டுகளில் 167 பேருக்கு நோயும் 83 மரணங்களும். ஒப்பீட்டு ஊர்களில் 1,78,781 ஆள்-ஆண்டுகளில் 158 பேருக்கு நோயும் 92 மரணங்களும் காணப்பட்டன. ஆள்-ஆண்டு என்றால் மலைக்க வேண்டாம். வேலைத் திட்டங்களில் நாம் ஆள்-நாள் என்று கணக்கெழுதுவதில்லையா, அதைப் போன்றதே இது. பத்துப் பெண்களை ஆறு ஆண்டுகள் கவனித்தால் அறுபது ஆள்-ஆண்டுகள். மேலே கண்டதை வகுத்துப் பார்த்தால், லட்சம் ஆள்-ஆண்டுகளுக்குச் சோதனை ஊர்களில் சுமார் 30 மரணங்கள், ஒப்பீட்டு ஊர்களில் சுமார் 51 மரணங்கள் என்று வரும். வயது முதலிய வேற்றுமைகளைச் சரிசெய்த பிறகு, நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன என்று ஆய்வாளர்கள் முடிவு கண்டார்கள்.

இவ்வளவு பெரிய முடிவு மொத்தம் 175 மரணங்களின் மீது நிற்கிறது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். ஒப்பீட்டு ஊர்களின் 92 மரணங்களுள் 30 மரணங்கள் ஏட்டில் ஏறாமலோ, ஏறியும் பெயர் பொருந்தாமலோ போயிருந்தால், 51 என்ற எண் 35 ஆகக் குறுகியிருக்கும். சோதனையால் பெரிய பயனில்லை என்றே அக்கணக்கு சொல்லியிருக்கும். பயனுள்ள ஒரு சிகிச்சை காகிதக் குறையால் கைவிடப்பட்டிருக்கும். அவ்வாறு நேரவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு முன்னோட்டமாக இச்சோதனையை நடத்திப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவாக்கியது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெண்களுக்குச் செய்யப்படும் இப்பரிசோதனை அவ்வழியில் வந்ததே. ஒப்பீட்டு ஊர்ப் பெண்களுக்கும் சோதனையை அப்போதே அளித்திருக்க வேண்டாமா என்ற கேள்வி, இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைக் குறித்துப் பின்னாளில் எழுந்தது. அது நியாயமான கேள்வி என்பதே என் கருத்து. அந்தப் பெண்களின் மரணங்களையாவது சரிவர எண்ணினார்கள் என்பது வேறு விஷயம்.

பொருத்திப் பார்ப்பது எப்படி?

1946இல் அமெரிக்க நாட்டின் ஹால்பர்ட் டன் என்பவர், ஒவ்வொரு மனிதரின் வாழ்வையும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு புத்தகமாகக் கருதி, வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும் அதன் ஏடுகளை ஒன்றாகக் கட்டும் வேலைக்கு ஒரு பெயரிட்டார். 1959இல் கனடா நாட்டு நியூகோம்ப் என்பவரும் அவரோடு உழைத்தோரும் அதைக் கணிப்பொறியைக் கொண்டு செய்து காட்டினர். 1969இல் அதே நாட்டின் ஃபெல்லெகி, சன்டர் என்னும் இருவர் அதற்குக் கணித அடிப்படை வகுத்தனர். இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுவது பெரும்பாலும் அதுவே. டென்மார்க் போன்ற நாடுகளில் சிரமம் குறைவு. டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, எல்லா ஏடுகளிலும் அந்த எண்ணே எழுதப்படுகிறது.

கணிதம் பெரிது என்றாலும் கருத்து நம் உழவர்களுக்குப் புதியதன்று. தொலைந்த மாட்டைத் தேடிச் செல்பவர் ‘வெள்ளை மாடு’ என்று மட்டும் சொன்னால் யாரும் மதிப்பதில்லை; வெள்ளை மாடுகள் ஆயிரம் உண்டு. ‘இடக்காது கிழிந்தது, வலக்கொம்பு முறிந்தது’ என்றால் கேட்பவர் உடனே நிமிர்ந்து பார்ப்பார். அடையாளம் எவ்வளவு அரிதோ அவ்வளவு அதன் வலிமை. பெயருக்கும் இதுவே விதி. சமயபுரம் மாரியம்மன் அருள் விளங்கும் இப்பகுதியில் மாரியம்மாள் என்ற பெயர் ஒத்திருப்பதால் ஒன்றும் நிலைநாட்டப்படுவதில்லை. திருவரங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் ரங்கசாமியும் ரங்கநாயகியும் அப்படியே. திருவெள்ளறைப் பெருமாளின் பெயரான புண்டரீகாட்சன் இரண்டு ஏடுகளிலும் வந்து, வயதும் ஏறத்தாழ ஒத்தால், ஐயம் பெரிதும் நீங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் ஒற்றுமைக்கும் அதன் அருமைக்கு ஏற்ப எடை கொடுக்கிறார்கள். பால் ஒத்திருப்பதற்கு மிகச் சிறிய எடை, ஏனெனில் எவ்விரு பேரை எடுத்தாலும் பாதி வாய்ப்பில் அது ஒத்தே இருக்கும். பிறந்த மாதம் ஒத்தால் அதைவிட மிகுதி, பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதானே. ஒவ்வாதவற்றுக்கு எடையைக் குறைக்கிறார்கள். கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் ஒருவரே என்று கொள்கிறார்கள். மற்றொரு வரம்புக்குக் கீழ் இருந்தால் வேறு ஆள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவற்றை மனிதர் கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். சில சமயம் ஊருக்கே வந்து விசாரிக்க வேண்டும்.

நம் நாட்டு வழக்கங்கள் இவ்வேலையை மிகவும் கடினமாக்குகின்றன. மேல்நாட்டில் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு முதலெழுத்தே உண்டு; பெண்ணுக்கோ அதுவும் திருமணத்துக்கு முன் தந்தையுடையது, பின் கணவருடையது. செல்லம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் முதலில் ‘எஸ்’ போடுவார், இன்னொருவர் ‘சி’யும் ‘எச்’சும் போடுவார். லட்சுமிக்கு எத்தனை வடிவங்கள் என்று எண்ணி முடியாது. ழகரம் படும் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. வயதைக் கேட்டால் 40, 45, 50 என்று முழுமையாக்கியே சொல்கிறோம். பிறந்த நாள் தெரியாத முதியவர்களுக்கு அடையாள அட்டையில் ஜனவரி முதல் நாள் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்; பள்ளியில் சேர்ப்பதற்காக மே, ஜூன் மாதங்களில் பிறந்ததாக எழுதப்பட்டவர்களும் ஏராளம். ஆகவே பிறந்த நாள் ஒத்திருக்கிறது என்பதற்கும் நம்மிடத்தில் முழு எடை தர முடிவதில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. 10,000 பேர் உள்ள ஓர் ஏட்டை 50,000 பேர் உள்ள மற்றொன்றோடு ஒப்பிட்டால் 50 கோடி இணைகள் ஆகின்றன. அவ்வளவையும் பார்ப்பதற்குப் பதிலாக ஒரே மாவட்டம் அல்லது ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களை மட்டும் ஒப்பிடுவது வழக்கம். முதலில் கண்ட அம்மையார் இங்குதான் நழுவிப் போகிறார். முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையில் ஒரு பாலம்தான். ஏட்டிலோ இரண்டும் இரண்டு மாவட்டங்கள். 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து கரூர், பெரம்பலூர் மாவட்டங்கள் பிரிந்ததால், பழைய ஏட்டில் திருச்சி மாவட்டம் என்று இருக்கும் ஊர் புதிய ஏட்டில் வேறு மாவட்டத்தில் இருக்கவும் கூடும்.

மரணம் எங்கே பதிவாகிறது?

முன்னாளில் பிறப்பு இறப்பு ஏடு கிராம முன்சீப்பின் கையில் இருந்தது. 1980இல் அப்பதவிகள் ஒழிந்த பின் கிராம நிர்வாக அலுவலர்கள் அப்பொறுப்பை ஏற்றனர். 1969ஆம் ஆண்டின் சட்டப்படி, மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் அதைப் பதிய வேண்டும். இறந்தவர் குடியிருந்த ஊரில் அல்ல. நம் ஊரார் திருச்சி மருத்துவமனையில் இறந்தால் அம்மரணம் மாநகராட்சியின் ஏட்டில் ஏறுகிறது. அவர் முசிறிக்காரர் என்பதை அறிவிக்கும் ஒரே இடம், படிவத்தில் உள்ள நிலையான முகவரி. துயரத்தில் இருக்கும் குடும்பத்தினர் அந்த இடத்தில் ‘திருச்சி’ என்று மட்டும் எழுதிவிட்டால், நம் வட்டாரத்தின் கணக்கிலிருந்து அம்மரணம் மறைந்து போகிறது.

வீட்டில் நிகழும் மரணங்களில் வேறு குறை. காரணம் என்ற இடத்தில் ‘மாரடைப்பு’ அல்லது ‘முதுமை’ என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஈராண்டு புற்றுநோயால் படுத்திருந்தவருக்கும் இறுதியில் இதயம் நிற்கத்தான் செய்யும்! நோயின் பெயரைச் சொன்னால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சி மறைப்பவர்களும் உளர். புற்றுநோய்ப் பதிவேட்டின் ஊழியர்கள் மரணக் காரணத்தை மட்டும் நம்பாமல், இறந்தவர் பெயர்களையும் தம் ஏட்டோடு பொருத்திப் பார்ப்பது இதனாலேயே.

புற்றுநோய்க்கு மட்டும் உரிய செய்தியன்று இது. காசநோயாளிகளைப் பதியும் நிக்ஷய் என்னும் தேசிய ஏடு 2012 முதல் நடைபெறுகிறது. அதே ஆண்டில் காசநோயைத் தனியார் மருத்துவர்களும் அறிவித்தாக வேண்டும் என்று ஆணையாயிற்று. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோரின் பட்டியல் உண்டு. நீரிழிவு காசநோயைத் தூண்டுவதோடு அதனால் இறக்கும் அபாயத்தையும் மிகுவிக்கிறது. இரண்டு ஏடுகளையும் பொருத்தினால்தான் இரு நோயும் உள்ளவர் யார் என்பது புலப்படும். 2021 முதல் நாடெங்கும் வழங்கப்படும் 14 இலக்கச் சுகாதார அடையாள எண் எல்லா ஏடுகளிலும் ஏறினால் இவ்வேலை எளிதாகும். ஆனால் அதற்கு முந்தைய ஏடுகளுக்குப் பெயரும் வயதும் ஊருமே துணை.

இரகசியம் காத்தல்

ஏடுகளை இணைத்தால் ஒருவருடைய நோய் ஊரறிய வெளிப்பட்டுவிடாதா என்று கிராமத்தார் கேட்பது இயல்பு. இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. நகரத்தில் பக்கத்து வீட்டாருக்கே பெயர் தெரியாது. கிராமத்தில் பெயரே வேண்டாம், ‘கீழத்தெருவில் 50 வயதுப் பெண், புற்றுநோய்’ என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே நல்ல பதிவேடுகளில், பெயரைப் பார்த்துப் பொருத்துவோர் வேறு, ஆராய்ச்சி செய்வோர் வேறு. பொருத்தம் முடிந்தபின் பெயரும் வீட்டு முகவரியும் நீக்கப்பட்டு ஓர் எண் மட்டுமே ஆராய்ச்சியாளர் கைக்குச் செல்லும். சிற்றூர் அளவில் எண்ணிக்கைகளை வெளியிடுவதையும் தவிர்ப்பார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை அதே ஆண்டின் தனிச் சட்டம் தடுக்கிறது.

ஊராட்சிகளுக்கு இதில் ஒரு வரம்பு உண்டு. கணக்கெடுக்க வருவோருக்கு வீட்டைக் காட்டலாம், தெருவின் பழைய பெயரையும் புதிய பெயரையும் சொல்லலாம், இன்னார் ஊரைவிட்டுச் சென்று எத்தனை ஆண்டாயிற்று என்று கூறலாம். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக்கொள்வதும், உதவி செய்யும் நல்லெண்ணத்தோடேயானாலும் கிராம சபையில் படிப்பதும் ஒருபோதும் கூடாது. ஒருமுறை அவ்வாறு நேர்ந்தால் அடுத்த முறை எந்தக் குடும்பமும் உண்மையைச் சொல்லாது.

மரணத்தை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். படிவத்தில் இறந்தவரின் பெயர் ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் உள்ளவாறே இருக்கட்டும். வழங்கும் பெயர் வேறாயின் அதையும் பதிவாளரிடம் சொல்லலாம். பெண்களுக்குக் கணவர் பெயரோடு தந்தை பெயரும் தரப்படுதல் நன்று. நிலையான முகவரியில் குக்கிராமம், ஊராட்சி, வட்டம், மாவட்டம் ஆகியவற்றை இவ்வரிசையில் எழுதுக. 30 நாட்கள் கடந்து ஓராண்டுக்குள் பதிவதாயின் உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற்றே பதிய இயலும்; நம் வட்டத்தாருக்கு அந்த அலுவலகம் முசிறியிலேயே இருக்கிறது.